நால்வரையும் கேள்

திருச்சி,
ஜனவரி 25

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும். பொங்கலுக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. கூட ஒரு வரி வந்திருந்தால் அம்மா இன்னும் நாலு நாள் தெம்பாக இருந்திருப்பாள். அதை விடு. மான்செஸ்டர் பக்கம் கடும் குளிர் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரவில் வெறும் வயிற்றோடு படுக்காதே.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. போகிக்கு முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்தோம். உன் கேசட் பெட்டி இறங்கியது. டேப் ரெக்கார்டரில் பெல்ட் இற்றுப்போயிருந்தது. மெயின்கார்டு கேட் பக்கம் இதையெல்லாம் பார்க்கிற ஒருவர் இன்னும் இருக்கிறார், மாற்றிக் கொடுத்தார். பொன்மலை குவார்ட்டர்ஸில் டிரைவர் அங்கிள் வீட்டு ரெக்கார்டுகளிலிருந்து நீங்கள் இருவரும் பதிவு செய்தவற்றைத் தினமும் மத்தியானம் கேட்கிறேன். ஏ பக்கத்தில் அண்ணன் எழுத்து, பி பக்கத்தில் உன் எழுத்து. ஏ பக்கம் முழுக்க ஜான் லெனன், பி பக்கம் முழுக்க ஜார்ஜ் ஹாரிசன், பீட்டில்ஸ் என்கிற அந்த இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் நால்வரில் இருவர். ஒரே கேசட்டில் பாகப்பிரிவினை, அப்போதே.

உன் பக்கத்தில் 'மை ஸ்வீட் லார்ட்' ஓடிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் பதிவாகியிருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்திருப்பீர்கள். அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "அன்றைக்கு ரசம் ஆறிப்போனது" என்றாள்.

கேசட்டில் இல்லாதவற்றை அண்ணன் மகள் போனில் தேடிப் போட்டுக் கொடுக்கிறாள். அவள் இப்போது பத்தாவது. விடுமுறைக்கு வந்தவள் நான்கு நாள் என்னோடு உட்கார்ந்து கேட்டாள். செம்மங்குடியைத் தவிர வேறு எதற்கும் காது கொடுக்காத தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குச் சிரிப்பு. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். பீட்டில்ஸ் பிரிந்த பிறகு ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ நான்கு பேரும் தனித்தனியே என்ன செய்தார்கள்? ஒருவனுடையதை மட்டும் கேட்டால் விளங்கவில்லை. அதனால் வருட வரிசையில் நால்வரையும் கேட்டேன். நீயும் அப்படியே கேள்.

1970 என்ற ஒரே வருடத்துக்குள் நான்கு பேரும் தனித்தனியே ஆல்பம் போட்டுவிட்டார்கள். முதலில் ரிங்கோ. தன் வீட்டில் பெரியவர்கள் பாடிக்கொண்டிருந்த பழைய பாட்டுகளை மார்ச் மாதம் பாடி வெளியிட்டார். குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கும்போது அம்மாவுக்குப் பிடித்த பாட்டைப் பாடுகிற பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரலில் பால் மெக்கார்ட்னியுடையது. கிட்டார், டிரம்ஸ், பியானோ எல்லாம் அவரே. பாதியை வீட்டிலேயே பதிவு செய்தாராம். கூடப் பாட மனைவி மட்டும். தானே இலை போட்டு, தானே பரிமாறி, தானே சாப்பிட்டு எழுந்த மாதிரி இருக்கிறது. சில பாட்டுகள் அரை வேக்காடு. ஆனால் 'மேபி ஐ'ம் அமேஸ்டு' என்று ஒன்று வருகிறது பார், அதைக் கேட்டதும் உன் நினைவு வந்தது. நீ அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாய் என்று அம்மா சொன்னாள். குக்கரில் சாதம் வைத்தால் நாலு விசில் விடாதே, குழைந்துவிடும்.

நவம்பரில் உன் ஆள் ஜார்ஜ். மூன்று இசைத்தட்டுகள் ஒரே பெட்டியில். அட்டையில் தோட்டத்து நடுவில் ரப்பர் பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சுற்றி நாலு குள்ள பொம்மைகள். அந்தப் பெட்டியை அங்கிள் உன் மடியில் வைத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஜானும் பாலும் ஒரு ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுதான் அவருக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்றும், மீதியெல்லாம் வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்தது என்றும் நீ சாப்பாட்டு நேரத்தில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்! 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டையே 1969 ஜனவரியில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியும் எடுத்துக்கொள்ளவில்லை. நீ அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணனைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாய். எனக்கு அது அப்போது புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

டிசம்பரில் அண்ணனுடைய ஆள் ஜான். முதல் பாட்டே சாவு மணி அடித்துத் தொடங்குகிறது. பதினேழு வயதில் தாயை விபத்தில் பறிகொடுத்தவர். தகப்பன் சின்ன வயதிலேயே விட்டுப் போனவர். பாட்டின் கடைசியில் அம்மாவைப் போகாதே என்றும் அப்பாவை வீட்டுக்கு வா என்றும் கத்துகிறார். முப்பது வயது ஆம்பிளை. பேத்தி எதிரில் என்னால் உட்கார முடியவில்லை, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். இன்னொன்று கவனித்தாயா? அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசிப்பது ரிங்கோ. வாசல் கதவு மூடியிருந்தாலும் கொல்லைக் கதவு திறந்திருந்திருக்கிறது.

அடுத்த வருடம் பால் 'ராம்' என்று ஒன்று போட்டார். பெயரைக் கேட்டதும் பஜனை என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அட்டையைப் பார்த்தால் செம்மறிக்கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் ஜானைக் குத்தி இரண்டொரு வரி. அதற்குப் பதிலாக ஜான், அதே வருடம் 'இமேஜின்' ஆல்பத்தில், பாலுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று ஒரு முழுப் பாட்டே பாடிவிட்டார். கேட்கவே கூசுகிறது. ஆனால் என்னை உறுத்தியது ஜான் இல்லை. அதில் கிட்டார் வாசிப்பது ஜார்ஜ். இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவன் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்திருக்கிறான். எவ்வளவு அழகாக வாசிக்கிறான் என்பதுதான் இன்னும் மோசம்.

1973இல் ரிங்கோ போட்ட ஆல்பத்தில் நாலு பேரும் வருகிறார்கள், ஆனால் நாலு பேரும் ஒரே பாட்டில் இல்லை. ஒரு பாட்டில் ஜானும் ஜார்ஜும். பால் வேறு ஒரு பாட்டில். நம் உறவில் பார்த்ததில்லையா, ஒருவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் இன்னொருவர் மூன்றாம் பந்திக்குத்தான் வருவார். கல்யாணத்துக்கு வரவில்லை என்ற பேச்சும் இருக்கக் கூடாது, முகத்தைப் பார்க்கவும் கூடாது. காதுகுத்துக்கு உனக்குப் பந்தியே போடவில்லையே என்று பெரியம்மா கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

ஒருவனை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்பதற்குத்தான் இவ்வளவும். நீ இத்தனை வருடமாக ஜார்ஜை மட்டும் கேட்டாய். பிடிவாதத்தில் நீ உன் தாத்தா. நம் பெயரை நீ அங்கே காப்பாற்றுகிறாய், அதில் எனக்குக் குறை இல்லை. உன் நிறுவனத்தில் உனக்குக் கீழே முப்பது பேர் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். சரிதானே? அவர்கள் ஊரான லிவர்பூல் உனக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, இன்னும் போகவில்லையாம். என்ன பிள்ளை நீ.

இனிமேல்தான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். இதுவரை எழுதியதைக் கிழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டாலும் சரி.

பால்தான் பீட்டில்ஸை உடைத்தார் என்று டிரைவர் அங்கிள் சொல்வார். நானும் அதையே உங்களிடம் சொல்லி வந்தேன். 1970 ஏப்ரல் 10ஆம் தேதி பத்திரிகைகளில் வந்த செய்தி அப்படி, ஆண்டு முடிகிற நாளில் மற்ற மூவர் மேலும் வழக்குப் போட்டவரும் அவர்தான். பேத்திதான் படித்துச் சொன்னாள். ஜான் அதற்கு ஏழு மாதம் முன்பே, 1969 செப்டம்பரில், தான் விலகுவதாக மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அப்போது ரெக்கார்டு கம்பெனியோடு புது ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெளியே சொல்ல வேண்டாம் என்று மேனேஜர் அடக்கி வைத்தார். முதலில் போனவர் பேசாமல் இருந்தார். கடைசியில் வாயைத் திறந்தவர் தலையில் பழி விழுந்தது.

நான் போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். அன்று முழுவதும் கேட்கவில்லை.

அண்ணன் என்னிடம் ஆவணியிலேயே சொல்லிவிட்டான். பெங்களூரில் நீங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கம்பெனியில் இனிமேல் இருக்கப்போவதில்லை, வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டேன், தம்பியிடம் இந்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்றான். நான்தான் தடுத்தேன். தையில் தங்கை கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், கல்யாணம் முடிகிற வரை வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அந்த ஆறு மாதமும் நீ ஒன்றும் தெரியாமல் உன் சேமிப்பையும் போட்டுக் கம்பெனியை ஓட்டிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். முகூர்த்தத்தன்று மேடையில் இருவரும் சேர்ந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டீர்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்திரையில் நீ எல்லோருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பினாய். ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை, பெரியப்பா வீட்டில் உரக்கப் படித்தார்கள். சின்னவன்தான் உடைத்தான் என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அன்று இரவு நீ போன் செய்தபோது, அண்ணனை அனுசரித்துப் போயிருக்கலாமே என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டேன். மாத்திரை சாயங்காலமே கொடுத்தாகிவிட்டது.

அண்ணன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைக் கட்டிப்போட்டவன் நான். இதை நேற்றுப் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். பெரியம்மாவும் இருந்தார். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை, பிறகு காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

இன்னொன்று. கேசட் பெட்டிக்குப் பின்னால் என் பழைய வேட்டியில் சுற்றிக் கயிறு கட்டி ஒரு பலகை இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உங்கள் கம்பெனிப் பெயர்ப் பலகை, இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளோடு. பெங்களூரைக் காலி செய்தபோது அண்ணன் கொண்டுவந்து வைத்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. நான் திரும்பவும் அதே மாதிரி கட்டி வைத்துவிட்டேன், முடிச்சு மட்டும் அவன் போட்டது போல வரவில்லை.

ஜான் இறந்துபோய் இரண்டாம் வருடம், 1982இல், பால் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். 'ஹியர் டுடே'. நீ இப்போது இங்கே இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்கிற பாட்டு. அதை நான் முழுதாகக் கேட்கவில்லை. நீயும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இங்கே வருகிறான். பி பக்கத்தில் ஓரிடத்தில் நாடா சிக்குகிறது, அவனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லப் போகிறேன். பென்சிலை விட்டுச் சுற்றுவதில் உன்னை விட அவனுக்குப் பொறுமை அதிகம். இங்கே மாலை நாலு மணி, உனக்குக் காலை பத்தரை. போன் என் கையில்தான் இருக்கும், நான்தான் எடுப்பேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
அப்பா