கல்லில் தெரிவதெல்லாம் உயிரின் தடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘உலகின் மிகப் பழைய புதைபடிவம்’ என்று ஒரு கண்டுபிடிப்பு வந்தால் பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போடுகின்றன. பிறகு அது மறுக்கப்பட்டால் ஒரு மூலையில்கூட இடம் கிடைப்பதில்லை. இந்த வழக்கத்தை உங்கள் இதழாவது மாற்ற வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகையில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, தட்டையான மெல்லுடல் கொண்ட டிக்கின்சோனியா என்ற ஆதி விலங்கின் தடம் கிடைத்ததாக 2021இல் ஆய்விதழில் வந்தது. 2023இல் வேறொரு குழு அதே தடத்தை ஆராய்ந்து, அது சிதைந்துபோன தேன்கூட்டின் மிச்சம் என்று காட்டியது. முதலில் அறிவித்தவர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையைத்தான் தலைப்புச் செய்தியாகப் போட்டிருக்க வேண்டும்!

இது புதிய கதையும் இல்லை. கனடாவில் கிடைத்த அடுக்கடுக்கான ஒரு பாறை அமைப்பை 1860களில் கனடியப் புவியியலாளர் டாசன் ஆதி உயிரி என்று கருதி ‘இயோசோவன்’ எனப் பெயரிட்டார். டார்வினே அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். 1894இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய சுண்ணாம்புப் பாறைகளிலும் அதே மாதிரி அமைப்பு தென்பட்டது. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தாலே கனிமங்கள் இப்படி அடுக்காகும் என்பது அப்புறம் தெளிவானது.

தீர்ப்பு வராத கற்கள்தான் என்னை அதிகம் ஈர்க்கின்றன. கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் உள்ள கூம்புகளை, நுண்ணுயிர்கள் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் என்று 2016இல் ஒரு குழு சொன்னது. பாறையின் வெட்டுமுகத்தில் பார்த்தால் கூம்புதான். ஆனால் பக்கவாட்டில் அவை நீண்ட முகடுகளாக ஓடுகின்றன, பாறை நசுங்கியதால் வந்த வடிவம் இது என்று 2018இல் மற்றொரு குழு மறுத்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. வடிவத்தை மட்டும் நம்பவும் முடியாது: பேரியம் உப்பையும் சிலிக்காவையும் காரக் கரைசலில் சேர்த்தாலே, புழுவைப் போலச் சுருண்ட நுண் உருவங்கள் ஆய்வகத்தில் தாமாக வளர்கின்றன. எந்த உயிரும் அதில் இல்லை.

எனவே இப்படிப்பட்ட செய்திகளை வெளியிடும்போது, உயிரின் தடம் என்பதற்கு வடிவம் தவிர வேறென்ன ஆதாரம் உண்டு, மறுப்பவர்கள் யார், அவர்கள் காட்டும் காரணம் என்ன என்று இரண்டு வரியாவது சேருங்கள். மறுப்பு வெளியானால் அதையும் அதே அளவில் போடுங்கள். முதல் தொடக்கமாக இசுவா விவாதத்தைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்