வூடூவைப் பில்லி சூனியம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விடுமுறையில் படிக்க வேண்டிய இளையோர் நாவல்கள் என்று சிலவற்றைச் சொல்லியிருந்தீர்கள். அவற்றில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கும் வூடூ நாவலைப் பில்லி சூனியக் கதை என்று அறிமுகம் செய்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. நான் பள்ளி நூலகர். எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த நாவலுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நானும் இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன். பிடித்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

வூடூ ஒரு மதம். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டில் பேசப்படும் ஃபோன் மொழியில் ‘வோதுன்’ என்றால் தெய்வம். அங்கே ஜனவரி மாதத்தில் அந்த மதத்துக்காகவே அரசு விடுமுறை விடுகிறார்கள். அந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்குத் தங்கள் தெய்வங்களையும் கொண்டுபோனார்கள். கரீபியன் கடலில் இருக்கும் இன்றைய ஹைட்டிதான் அந்த இடம். 1791 ஆகஸ்டில் புவா கைமான் என்ற காட்டில் கூடி, சாமி கும்பிட்டு, சத்தியம் செய்துவிட்டுத்தான் தங்கள் முன்னோர் கிளர்ச்சியைத் தொடங்கினார்கள் என்று ஹைட்டி மக்கள் சொல்கிறார்கள். 1804 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை அடைந்தது. அந்தச் சண்டையில் கியூபாவுக்கு ஓடிப்போன ஆயிரக்கணக்கானோர் 1809இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டு நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். நாவலில் வரும் பாட்டி வீட்டு வழிபாட்டுக்கு இவ்வளவு பெரிய பின்கதை இருக்கிறது.

அந்தப் பாட்டி, எந்தச் சடங்கானாலும் முதலில் லெக்பாவைக் கூப்பிடுகிறார். ஊன்றுகோலோடு முச்சந்தியில் நிற்கும் கிழவர் அவர். அவர் வாசலைத் திறந்துவிட்டால்தான் மற்ற தெய்வங்கள் வர முடியும். வந்த தெய்வம் ஒருவர் மேல் இறங்கினால், அவரைத் தெய்வத்தின் ‘குதிரை’ என்கிறார்கள். கோயில் கொடையில் சாமியாடியைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஜோம்பி. பிணம் எழுந்து வந்து மனிதரைத் தின்பது 1968க்குப் பிறகு அமெரிக்கப் படங்கள் பரப்பியது. ஹைட்டியில் ஜோம்பி வந்து கடித்துவிடும் என்ற பயம் கிடையாது. செத்த பிறகும் தன்னை யாரோ எழுப்பிக் கொண்டுபோய், சொந்த புத்தி இல்லாத உடம்பாகத் தோட்டத்தில் வேலை வாங்கிவிடுவார்களோ என்பதுதான் பயம். சாவில்கூட அடிமைத்தனம் தீராதோ என்று நடுங்கியவர்களின் கதை அது. நாவலின் பதினோராம் அத்தியாயம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

குறையும் உண்டு. ஊசி குத்திய பொம்மையை வைத்து ஒரு அத்தியாயம் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியச் சூனியக் கதைகளில் அந்தப் பொம்மை நெடுங்காலமாக இருக்கிறது. ஹைட்டி வழிபாட்டில் அதற்கு அப்படியொரு இடம் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் சுற்றுலாப் பயணிகளுக்கு அது விற்கிறது, அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸின் பெயர்பெற்ற வூடூ தலைவி மேரி லவோ நிஜமா என்று ஒரு மாணவி கேட்டாள். நிஜம்தான். 1881இல் இறந்தவர், தலைமுடி அலங்காரம் செய்து பிழைத்ததாகச் சொல்லப்படுபவர், கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் போனவர் என்று சொன்னேன்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம். அக்டோபரில் காலரா. மந்திரம் வைத்து நோயைப் பரப்பினார்கள் என்று சொல்லி வூடூ பூசாரிகளைக் கூட்டம் கூட்டமாகப் போய் அடித்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் குறைந்தது 40 பேர் கொல்லப்பட்டார்கள். காலரா உண்மையில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் வந்தது. 2003இலேயே ஹைட்டி அரசு வூடூவை மதமாக அங்கீகரித்துவிட்டது. அதற்குப் பிறகும் இப்படி நடந்தது.

அடுத்த இதழில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள். ‘வூடூ சமய நம்பிக்கையில் வேர்விட்ட அமானுஷ்ய நாவல்’ என்று எழுதினால் போதும். எங்கள் நூலகத்தில் மதிப்புரைகளை வெட்டி அந்தந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டி வைப்பது வழக்கம். இந்த நாவலுக்கு இன்னும் ஒட்டவில்லை. திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்,
திருநெல்வேலி