எலும்பைத் தேடியவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். டைனோசர் ஆய்வாளர்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை கண்டேன். எலும்பு கிடைத்த நாளின் பரபரப்பை விரிவாக எழுதிவிட்டு, அதற்குப் பின் கழியும் ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த ஆண்டுகள்தானே அவர்களின் வாழ்க்கை! கோதாவரிப் பள்ளத்தாக்கில் பரபாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகளில் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுகளில் கிடைத்தன. 1961 தாகூரின் பிறந்த நூற்றாண்டு என்பதால் அவர் பெயரையும் சேர்த்து, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சோகன் லால் ஜெயின் குழுவினர் அதற்குப் பெயர் சூட்டியது 1975இல். புள்ளியியல் நிறுவனத்தில் இந்தப் புதைபடிவ ஆய்வுக்கு வித்திட்டவர், அந்நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸின் அழைப்பை ஏற்று வந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் பமீலா ராபின்சன். அவர் பெயர் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். அரியலூரிலிருந்து நண்பர் கொண்டுவந்த கல்லில் புதைந்திருந்த சிப்பியை ஒருமுறை ஊசியால் சுரண்டி எடுக்க முயன்றேன். கட்டைவிரல் நகமளவு வெளிப்படுவதற்குள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விட்டது. அதிலும் ஓரம் உடைந்துவிட்டது. ஆளுயர எலும்புகளை உடையாமல் எடுத்துச் சேர்த்தவர்களின் பொறுமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. பாடநூல்களில் டைனோசர் படம் இடம்பெறும் பக்கத்திலேயே, அதைத் தோண்டி எடுத்தவர்களின் பணிவாழ்வையும் அரைப்பக்கம் சேர்க்கப் பாடநூல் குழு முன்வர வேண்டும்.