பட்டாவுக்குப் பின்னால் ஒரு பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழை நாடுகளில் புறம்போக்குக் குடியிருப்பாளர்களுக்கு நிலப் பட்டா கொடுத்துவிட்டால் வங்கிக் கடன் தானாக வந்துவிடும் என்கிறது தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை. பெருவில் 1996-க்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேல் பட்டா கொடுத்தார்கள். மக்கள் வீட்டைச் செப்பனிட்டார்கள். தனியார் வங்கிக் கடன் மட்டும் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. சம்பளச் சீட்டு உண்டா, தவணை நின்றால் நிலத்தை ஏலம் விட முடியுமா என்றுதானே வங்கி பார்க்கும்!

நம் பினாங்கையே பாருங்கள். 1966 வரை இங்கே பத்திர முறைதான். வாங்குபவரின் லோயர் பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். நடுவில் ஒன்று காணாவிட்டால் தொல்லை. தேசிய நிலச் சட்டத்தோடு டோரன்ஸ் முறை வந்தது. பெயர் மாற்ற பாரம் 14ஏ, அடமானத்துக்கு 16ஏ. பதிவேட்டில் யார் பெயரோ அவரே சொந்தக்காரர்.

அதுவும் ஒரு தீர்ப்பில் ஆட்டம் கண்டது. தஞ்சோங் பூங்கா நிலமொன்றை ஆள்மாறாட்டம் செய்தவர் போலிக் கையெழுத்தில் விற்றுவிட்டார். விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே நிலம் என்று 2000-ல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்த நிலச் சட்டத்தின் 340-ஆவது பிரிவு தரும் பாதுகாப்போ அவரிடமிருந்து அடுத்து வாங்குபவருக்குத்தான். அந்தப் பாதுகாப்பு மூன்றாம் உட்பிரிவில் ‘இந்த உட்பிரிவில்’ மட்டும் என்ற பொருளில் எழுதியிருந்தும், போலிக் கையெழுத்தைப் பற்றிய இரண்டாவதுக்கும் அதை நீட்டிவிட்டார்கள். அதே நீதிமன்றம் அதைத் திருத்த 2010 ஆயிற்று. அதுவரை அசல் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, பெட்டியில் பூட்டி வைத்திருந்தவருக்கும் நிம்மதி இல்லை.

ருவாண்டா இதைவிட நல்ல பாடம். 2009 முதல் 2013 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளைப் பதிந்தார்கள். வான்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டார் முன்னிலையில் எல்லைக் கோடு வரைந்தார்கள், செலவும் குறைவு. கோளாறு பிறகு வந்தது. நிலம் பெரிதோ சிறிதோ, பெயர் மாற்றக் கட்டணம் ஒரே தொகையாக இருந்தது. துண்டு நிலம் விற்பவர் கைச்சீட்டு எழுதி முடித்துக்கொண்டார். பதிவேட்டில் பழைய பெயரே நின்றது. இங்கும் தாத்தா பெயரில் கிடக்கும் கிராண்டுகள் உண்டு. மூன்றாம் தலைமுறையில் வாரிசுகளை ஒன்றுசேர்ப்பதற்குள் வாங்க வந்தவர் போய்விடுவார்.

அடுத்த முறை பட்டா எண்ணிக்கையோடு, பெயர் மாற்ற எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், ஏலத்துக்கு எந்த அலுவலகம் போகவேண்டும் என்பதையும் கட்டுரையாளர் எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த்