மூன்று பேரும் சேர்ந்து நூற்றைத் தாண்டிய கணக்கு

அன்புள்ள கயல்,

வீட்டில் மூன்று பேர் இருந்தும், பாத்திரம் கழுவுவது முதல் குப்பையை வெளியே வைப்பது வரை முக்கால்வாசி வேலை உன் தலையில்தான் விழுகிறது என்று பொருமியிருந்தாய். நீ பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மற்ற இருவரையும் கேட்டால், அவர்களும் ஆளுக்குப் பாதி வேலை செய்வதாகச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதும் பொய்யாக இருக்காது. கணக்குதான் இடிக்கும்.

கனடாவில் மைக்கேல் ராஸ், பியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் இதையே கேட்டார்கள். சமையல், கடைக்குப் போவது என்று 20 விஷயங்களைக் கொடுத்து, உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே குறிக்கச் சொன்னார்கள். 1979-இல் முடிவை வெளியிட்டபோது, 16 விஷயங்களில் இருவர் பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியிருந்தது. தற்பெருமை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் சண்டையைத் தொடங்குவது போன்றவையும் இருந்தன. அவற்றிலும் தன் பங்கையே கூட்டிச் சொன்னார்கள்! பெருமைக்காக யாராவது அப்படிச் சொல்வார்களா? தான் செய்ததுதான் ஒருவருக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. நீ தேய்த்த குக்கரின் அடிப்பிடிப்பு உன் கைக்குத் தெரியும். இன்னொருத்தி வீட்டு உரிமையாளரிடம் தண்ணீர் மோட்டாருக்காக மல்லுக்கு நின்றது உனக்கு எப்படித் தெரியும்? உனக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான்.

நானும் உன் அம்மாவும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தோம். கூட்டுத்தொகையைச் சொல்ல மாட்டேன். உன் அம்மா அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்பது மட்டும் போதும்.

பெருமைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லவில்லை. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்பவர் கார் ஓட்டும் மாணவர்களிடம் கேட்டபோது, அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம். பாதிப் பேர்தானே மேல்பாதியில் இருக்க முடியும்? நிதானமாக ஓட்டுகிறவர் நிதானத்தைத் திறமை என்பார், நெரிசலில் நுழைந்து வெளியேறுகிறவர் அதைத் திறமை என்பார். உன் அளவுகோலும் அப்படித்தான் என்று சந்தேகிக்கிறேன். உனக்கு வீட்டு வேலை என்றால் துடைப்பதும் கழுவுவதும். மின்கட்டணம், சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தனவா?

கணினி நிரல் எழுதப் பழகிய நாட்களில், வகுப்பில் தான்தான் மட்டம் என்று அழுத பெண்ணும் நீதான். அப்போதும் உன் திணறல் மட்டுமே உன் கண்ணில் பட்டது. கடினமான வேலைகளில் பலர் தங்களைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொள்வதை ஜஸ்டின் க்ரூகர் என்ற உளவியலாளர் 1999-இல் காட்டியிருக்கிறார். அவர் கேட்டவற்றில் கணினி நிரலும் ஒன்று. பக்கத்து நாற்காலிக்காரனின் திணறல் நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே உடனே கோபித்துக்கொண்டு பேசாதே. ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து, அவரவர் அந்த வாரம் செய்ததை எழுதுங்கள். சதவீதம் வேண்டாம், வேலைகளை மட்டும். அதற்குப் பிறகும் உன் பட்டியலே நீளமாக இருந்தால் தாராளமாகச் சண்டை போடு. நான் உன் பக்கம்தான்.

அன்புடன்,
அப்பா