நாற்பதாயிரத்துக்குக் கணக்கு

ராயக்கோட்டை
ஆடி மாதம், ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? சரி, சம்பிரதாயம் முடிந்தது.

நீ போன் செய்து நான் எடுக்காமல் விட்டது ஏழு தடவை. எட்டாவது தடவை எடுத்து, "சிக்னல் இல்லடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் டவரே தெரியும். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் முதல் வரியிலேயே நீ கத்துவாய், இல்லாவிட்டால் சிரிப்பாய். எதைச் செய்தாலும் நான் பாதியில் கட் பண்ணிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். தபால் ஆபீசில் கவர் கேட்டதற்கு அந்தப் பெண், "வக்கீல் நோட்டீஸா சார்?" என்று கேட்டாள். ஏறக்குறைய அதே ரகம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில், பொங்கலன்று நீ கேட்டதற்குப் பதில். "ரிட்டையர் ஆனதும் நானும் அங்க வந்துடட்டுமா, ரொம்ப அமைதியா இருக்குமே" என்றாய்.

அமைதி இருக்கிறது. ராத்திரி எட்டரைக்குக் கடைகளில் ஷட்டர் இறங்கியதும் ஆரம்பிக்கும். பெங்களூர் போகிற ரயில் ஒன்று கூவிவிட்டுப் போனால் அதற்குப் பிறகு நாய்கூடக் குரைக்காது. முதல் மாதம் அந்த நிசப்தத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அம்பத்தூரில் முப்பது வருஷம் பிரஸ் மெஷின் சத்தத்தில் தூங்கியவன் அல்லவா. ஆனால் அதெல்லாம் விடியற்காலை நாலு மணி வரைதான். நாலுக்குக் குட்டி யானை வண்டிகள் வரிசையாக மண்டிக்குப் போகும். தக்காளிக் கிரேட்டுப் பெட்டியை இறக்கி வைக்கும் தட் தட் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். அப்புறம் பள்ளிவாசல் பாங்கு, பால் வண்டி. ஆடி மாதமென்றால் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், அது கட்டியிருப்பது எங்கள் வேப்பமரத்தில். பகலில் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஊர் செத்துக் கிடக்கும். நான் எழுத உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில்தான்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் காலையில் மெடிக்கலில் கேஸ் மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். பதினோரு மணிக்குப் பால்காரர், "களி சாப்பிடு சார், வயிறு தானா கேக்கும்" என்கிறார். சாயங்காலம் கோயில் பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, "இப்ப தேவலையா?" என்கிறார். இத்தனைக்கும் அந்த மாத்திரை என் வீட்டுக்காரிக்கு, அதாவது உன் தங்கச்சிக்கு. நான் பிறந்த ஊர், எங்கப்பா இருபது வருஷம் இங்கே தபால் கொடுத்தவர், இருந்தும் எனக்கு இங்கே பேர் "மெட்ராஸ் சார்". அப்பாவை நினைவு வைத்திருக்கும் கிழவர்கள் மட்டும் "போஸ்ட்மேன் பையன்" என்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் பையன்!

பையன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹாஸ்டலில் எனக்குக் "காவிப்பல்" என்று பேர் வைத்தாயே, பாவி. நான் வெற்றிலை போடுகிறேன் என்று வார்டனிடம் நம் சேக்காளி "ஒட்டகம்" போட்டுக்கொடுக்க, நான் அரை நாள் வெளியே நின்றேன். அது வெற்றிலைக் கறையே இல்லை. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் இருக்கிற ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் என் வயதுக்காரர்களின் பல்லைப் பார், எல்லாம் என் ஜாதிதான். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2013-இல் திறந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி முன்பல் முழுக்கப் பழுப்பு, அவள் பேத்தி அரிசிப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் எனக்குக் கோபம் வரும்.

எதையெதையோ எழுதித் தள்ளிப்போடுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சரி, டீக்கடைக்கு வருகிறேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

இந்த ஊருக்கு நாடித்துடிப்பு மாதிரி ஒன்று உண்டென்றால் அது தக்காளி ரேட்டு. காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் நின்றால் ஒரே கேள்வியை நாலு பாஷையில் கேட்கலாம். "எந்த?" என்பார் தெலுங்குக்காரர். "எஷ்டு?" என்பார் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். "கித்னா?" என்பார் கிரேட் வாடகைக்கு விடும் பாய். நம் ஆள் "இன்னைக்கு என்னா போச்சு?" என்பார். பதில் ஒரே எண். இருபத்தைந்து கிலோ கிரேட் ஒன்றின் விலை, ரூபாயில். அது ஐந்நூறு என்றால் துணிக்கடையில் கூட்டம் இருக்கும், சீட்டுக்காரர் சிரித்த முகமாக இருப்பார். நூறு என்றால் பரோட்டாக் கடையில்கூட ஈ ஓட்டுவார்கள். எனக்கு ஒரு செடிகூட இல்லாதபோதே நான் தினமும் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பியதில்லை. அம்பத்தூரில் ஷேர் மார்க்கெட் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்தவன் நான்.

அந்தக் கடையில் அடிக்கடி ஓடும் கதை 2023 ஜூலை. நாடு முழுக்கத் தக்காளி கிலோ நூறைத் தாண்டிய மாதம். அந்த மாதம் கடனை அடைத்தவர், வீட்டுக்கு மேல்தளம் போட்டவர், மகளுக்குச் சங்கிலி எடுத்தவர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை. அந்த வருஷமே, அதற்குச் சில மாதம் முன்னால், காயைப் பறிக்காமல் உழுது விட்டவர்களின் கதையை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை, தீபாவளிக்கு நீ அனுப்பிய நாற்பதாயிரம் ரூபாயில் நான் மாங்கன்று வைக்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி மீதியைச் சொல்வது சுலபம்.

நீ சொன்னபடி சந்தூருக்குப் போய் நர்சரிகளில் விலையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். மல்கோவா ஆறு, செந்தூரா பத்து, மிச்சம் பெங்களூரா என்று சிகரெட் அட்டையில் எழுதியும் வைத்தேன். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் இறங்கினேன். அன்றைக்கு கிரேட் எழுநூறு. மாங்கன்று காய்க்க நாலைந்து வருஷம். தக்காளி நாற்று நட்டால் எழுபது நாளில் பறிப்பு. என்னிடம் இருக்கும் இந்த அரை ஏக்கரில் ஒரு போகம் தக்காளி எடுத்துவிட்டு, உன் நாற்பதை எண்பதாக்கி, அதே நிலத்தில் மாங்கன்றும் வைத்து, சொட்டுநீரும் போட்டு, நீ வரும்போது உன்னை அதிசயிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். சிரிக்காதே. நினைத்தபோது அது கணக்காகத்தான் தெரிந்தது.

உன் நாற்பதோடு என் நாற்பத்தைந்து. நாற்று, செடிக்கு அடியில் மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட், தண்ணீர் விடும் டியூப், குச்சி, கம்பி, மருந்து. தக்காளிக்குச் செடிக்குச் செடி குச்சி நட்டுக் கட்ட வேண்டும் என்பதே எனக்கு நட்ட பிறகுதான் தெரியும். பொங்கலன்று நீ "கன்னு எப்படிடா வருது?" என்று கேட்டபோது, "சூப்பரா வருது" என்றேன். பொய் இல்லை. பூ விட்டிருந்தது. எது என்று நீ கேட்கவில்லை.

முதல் பறிப்பு பதினெட்டு கிரேட், 520 ரூபாய்க்குப் போனது. அன்று இரவு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது முப்பத்தொன்று, 340. மூன்றாவது நாற்பத்து நாலு, 160. பார், காய் ஏற ஏற ரேட்டு இறங்குகிறது. என்னைப் போல எழுநூறைப் பார்த்து நட்டவர்கள் இந்த வட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் பறிக்கிறோம், அந்தப் பக்கம் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் காய் கொட்டுகிறது, வாங்க வந்த லாரிக்காரர் எதற்கு நம்மிடம் நிற்கப் போகிறார்? நாலாவது பறிப்பு ஐம்பது கிரேட். 70 ரூபாய்.

3,500 ரூபாய் வந்தது. பறித்த எட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு 350 வீதம் 2,800. வண்டி 1,000. மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து, 350. கூட்டிப் பார். என் தக்காளியை நான் விற்பதற்கு என் பையிலிருந்து 650 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு பறிப்பதை நிறுத்திவிட்டேன். காய் செடியிலேயே சிவந்து, வெடித்து, நாறியது.

மறுநாள் டீக்கடைக்குப் போக முகம் இல்லாமல் கோட்டை மலையேறினேன். 1791-இல் மேஜர் கௌடி என்ற வெள்ளைக்காரன் படையோடு வந்து திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்த கோட்டை அது. ஊர்க்காரர்கள் யாரும் ஏறுவதில்லை, அதனால்தான் போனேன். மேலே நின்று பார்த்தால் நாலு பக்கமும் காடு கழனி தெரிகிறது. எங்கெல்லாம் பறிக்காமல் விட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் சிவப்பு. நான் ஒருவன்தான் ஏமாந்தேன் என்று நினைத்துக்கொண்டு ஏறியவன், அவ்வளவு சிவப்பையும் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அரை ஏக்கர், மாதம் கொஞ்சம் பி.எஃப். பென்ஷன். கீழே இருப்பவர்களுக்கு அது மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் கடைக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ, "ஊடேதுர்கத்துல ஆனை நிக்குதாம்பா, பதினஞ்சு உருப்படி" என்றார். உடனே எல்லோரும் யானையைப் பற்றிப் பேசினார்கள். ராகி அறுப்புக்கு வந்த கூட்டம் இன்னும் திரும்பவில்லை, ஃபாரஸ்ட்காரர்கள் பட்டாசு போட்டுப் பார்க்கிறார்கள், ஒற்றைக் கொம்பன் ஒன்று தனியாகச் சுற்றுகிறது. மறுநாளும் யானை. நாலு நாள் எனக்கு முன்னால் ஒருவரும் தக்காளி என்ற சொல்லை எடுக்கவில்லை, மாப்பிள்ளை. நாலு பாஷையிலும் எடுக்கவில்லை. கேஸ் மாத்திரை வாங்கியதை அரை நாளில் ஊர் முழுக்கச் சொன்ன அதே ஆட்கள்.

ஐந்தாம் நாள் கிரேட் பாய் டம்ளரைக் கழுவ வைத்துக்கொண்டே, "என்ன மெட்ராஸ் சார், வூட்ல தெனம் தக்காளி ரசந்தானா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன்.

இன்னொன்று. மிச்சச் செடியை ஆடு மேயட்டும் என்று ஒரு ஆட்டுக்காரரிடம் சொன்னேன். நூற்றைம்பது உருப்படி வைத்திருப்பவர். மேய்த்துவிட்டு மூன்று இரவு அங்கேயே பட்டி போட்டார். நிலத்தில் ஆடு அடைத்தால் எருவுக்காக நிலத்துக்காரன்தான் காசு கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் கொடுத்தபோது வாங்கவில்லை. "தழை தின்னுதில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அம்பத்தூரில் எனக்கு வேலை போன மாதம் உனக்குத் தெரியும். எதிர் வீட்டுக்காரருக்கு அது இன்றுவரை தெரியாது. அப்போது அதை நிம்மதி என்று நினைத்தேன். இப்போது எது நிம்மதி என்று சரியாகச் சொல்ல வரவில்லை.

அதனால் நீ வரலாமா என்று கேட்டால், அமைதிக்காக வருவதாக இருந்தால் வராதே. ராத்திரி நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டும், அதை நினைத்துக்கொள். தங்கச்சியிடமும் கேள். என் வீட்டுக்காரி முதல் ஆறு மாதம் என்னோடுகூட சரியாகப் பேசவில்லை. பேச ஆள் இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து தள்ளிவிட்டேன் என்று ஒரு நாள் அடுப்படியில் அழுதாள். இப்போது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தெலுங்கு கற்றுக்கொண்டு, அதில் என்னைத் திட்டுகிறாள் என்று நினைக்கிறேன். பாட்டி சிரிக்கிற விதத்தில் தெரிகிறது. தங்கச்சிக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

குழி வெட்டியாகிவிட்டது. மூன்றடிக்கு மூன்றடி, இருபது குழி. ஆட்டு எரு போட்டு ஆற விட்டிருக்கிறேன். நல்ல மழை ஒன்று பெய்ததும் சந்தூர் போகிறேன், என் காசில். டீக்கடையில் இறங்க மாட்டேன், சத்தியம். மல்கோவா குறைவாகத்தான் காய்க்கும், செந்தூராவே அதிகம் வை என்கிறார்கள். உனக்கு எது வேண்டும் என்று எழுது. உன் நாற்பதாயிரத்தை மாதம் இரண்டாயிரமாகத் தருகிறேன். வேண்டாம் என்று பெருந்தன்மையெல்லாம் காட்டாதே, அது உனக்குப் பொருந்தாது.

உன் பணத்தில் இப்போதைக்கு மிஞ்சியிருப்பது ஏழு பாட்டில் தக்காளித் தொக்கு. செடி நாறுவதற்கு முன்னால் உன் தங்கச்சி ஒரு கிரேட்டைக் காப்பாற்றிக் கிளறியது. ஒட்டகம் அடுத்த வாரம் மெட்ராஸ் வருகிறான், அவனிடம் இரண்டு கொடுத்தனுப்புகிறேன். வழியில் ஒன்றைத் திறந்துவிடுவான், எண்ணி வாங்கு. பாட்டில்களைக் கழுவித் திருப்பி அனுப்பு, இவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
காவிப்பல்