செவர்ன் கரையில் வீடு வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை நேற்று ராத்திரி அம்மாவும் நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் செவர்ன் ஆறு, அக்கரையில் வூஸ்டர் பேராலயத்தின் கோபுரம். அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான்காவது படத்தில் கூடத்தைப் பார். பிளக் பாயிண்டுகள் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. அழகுக்காக யாரும் அப்படி வைப்பதில்லை. ஒரு தடவையாவது உள்ளே தண்ணீர் வந்து போன வீட்டில்தான் அப்படி மேலே ஏற்றிவைப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ குளோஸ்டரில் வளர்ந்தவள். இந்த ஆற்றைத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் நாம் பார்த்து வளர்ந்தது அதன் வால் பகுதி. தலை வேல்ஸ் மலையில் இருக்கிறது. நீ கல்லூரிக்குப் போன வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பிளின்லிமன் மலையில் அது பிறக்கிற இடத்துக்கு நடந்து போனோம். சுமார் 610 மீட்டர் உயரம். கால் வைத்தால் அமுங்குகிற கறுப்புச் சதுப்பு, நடுவில் ஒரு மரக்கம்பம். 'செவர்ன் பிறக்கும் இடம்' என்று வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் என் ஷூ அகலத்துக்கு ஒரு நீர்க்கோடு ஓடியது. அதைத் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று அம்மா போட்டோ எடுத்துக்கொண்டாள். வெல்ஷில் இதற்கு ஹாவ்ரென் என்று பெயர், ரோமானியர்களுக்குச் சப்ரினா. ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு சின்னப் பெண்ணின் பெயர் அது என்று பழைய கதை. சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீ அழுதாய்.

அதே மலையில் இன்னும் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ரைடல் நேராக மேற்கே ஓடிக் கடலில் விழுந்துவிடும். வை ஆறு தெற்கே இறங்கும். செவர்ன் மட்டும் வடகிழக்கே கிளம்பி, ஷ்ரூஸ்பரியை ஒரு வளையம் சுற்றி, தெற்கே திரும்பி, 354 கிலோமீட்டர் ஓடுகிறது. பிரிட்டனிலேயே நீளமான ஆறு இதுதான். கடைசியில் செப்ஸ்டோவுக்குக் கீழே வை வந்து மறுபடி இதோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வளவு சுற்றுவதால்தான் பிரச்சினை. வேல்ஸ் மலையில் பெய்யும் மழை, வழியில் வர்ன்வி போன்ற கூட்டாளி ஆறுகளைச் சேர்த்துக்கொண்டு சில நாள் கழித்து வந்து சேரும். வூஸ்டரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். 1967-இல் திறந்த கிளவிடாக் அணை கோடையில் தண்ணீர் விடவும் மழைக்காலத்தில் கொஞ்சம் பிடித்துவைக்கவும் உதவுகிறது. ஆனால் அது மலையின் ஒரு மூலைத் தண்ணீர்தான்.

இதே ஆற்றின் கரையில் இருக்கிற அயர்ன்பிரிட்ஜ் உனக்கு நினைவிருக்கும், பள்ளியில் கூட்டிப்போனார்கள். பனியுகத்தில் பனிக்கட்டி உருகிய வெள்ளம் அறுத்த பள்ளத்தாக்கு அது. அறுத்த பக்கங்களில் நிலக்கரி, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் எல்லாம் கிடைத்தன. பொருளை ஏற்றிப்போக ஆறும் இருந்தது. அங்கே கோல்புரூக்டேலில்தான் 1709-இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதில் கோக், அதாவது சுட்டெடுத்த நிலக்கரி, போட்டு இரும்பு உருக்கினார். அவருடைய பேரன் 1779-இல் இரும்பிலேயே பாலம் எழுப்பினார். 1781 புத்தாண்டு அன்று அது திறக்கப்பட்டது. இரும்புப் பாலம் எப்படிப் பூட்டுவது என்று அதுவரை யாருக்கும் பழக்கம் இல்லை. அதனால் தச்சர்கள் மரத்தில் போடுகிற மூட்டுகளையே இரும்பில் போட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் துளையும் நாக்கும் ஆப்பும் அப்படியே தெரியும். உனக்கு இதைச் சொல்லக் காரணம் 1795 வெள்ளம். செவர்ன் மேல் இருந்த எத்தனையோ கல் பாலங்கள் உடைந்தன, சேதமாயின. இந்தப் பாலம் அசையவில்லை. ஒரே வளைவு, நடுவில் தூண் கிடையாது, கம்பிகளுக்கு இடையே திறந்த வெளி. வந்த தண்ணீரை மறிக்காமல் அது போக விட்டது.

வூஸ்டரில் நீ பார்க்கவேண்டியது பேராலயத்துக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற வாட்டர்கேட் என்ற பழைய ஆற்றுவாசல். அந்தச் சுவரில் ஒவ்வொரு பெரிய வெள்ளத்தின் உயரத்தையும் வருஷத்தோடு பொறித்திருக்கிறார்கள். உச்சத்தில் 1770. பனி உருகி வந்த 1947 வெள்ளத்தின் கோடு அதற்குச் சற்றே கீழே. அதன் கீழே நின்றால் என் தலைக்கு மேலே கோடு போகிறது. வீட்டு வியாபாரி ஆயிரம் சொல்லட்டும், நான் அந்தச் சுவரைத்தான் நம்புவேன்.

2007 உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை, அப்போது உனக்கு எட்டு வயது. ஜூலை 20, வெள்ளிக்கிழமை, விடாமல் கொட்டியது. அந்தத் தடவை வேல்ஸ் மலைக்குக் காத்திருக்கவில்லை, மழை நம் தலைமேலேயே பெய்தது. ஏவன் ஆறும் செவர்னும் கூடுகிற டியூக்ஸ்பரியில் மடாலயத் தேவாலயத்தைச் சுற்றி நாலாபக்கமும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை அங்கே மைத் குடிநீர் நிலையம் மூழ்கியது. சுமார் மூன்றரை லட்சம் பேருக்குக் குழாய் நின்றுபோனது. நாமும் அதில் ஒரு குடும்பம். கார் நிறுத்தும் இடத்தில் ராணுவக்காரர்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வரிசையில் நீ உன் மஞ்சள் மணல்வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாய். அம்மா அரிசி களைந்த தண்ணீரை எடுத்துவைத்துப் பாத்திரம் கழுவினாள், அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் கக்கூசுக்கு ஊற்றினாள். குழாயில் குடிக்கிற தண்ணீர் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில் வந்தது. சுவரின் பூச்சை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, மறு வருஷம்தான் அவர்கள் குடிபோனார்கள். பிள்ளைகளின் போட்டோ ஆல்பம் கீழ்த் தட்டில் இருந்ததாம். ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த ஆற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மின்ஸ்டர்வொர்த்தில் விடியற்காலையில் உன்னைத் தோளில் வைத்து ஓத அலையைக் காட்டினேனே. கடலில் ஓதம் ஏறினால் கழிமுகத்தில் 15 மீட்டர் வரைகூட உயரும். புனல் மாதிரி குறுகுகிற அந்த வாயில் புகுந்து அலையாக எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடிவரும். முதலில் சத்தம், ரயில் வருகிற மாதிரி. அப்புறம் அலை கரையைக் கிழித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் ரொம்ப நேரம் ஆறு மலையை நோக்கி ஓடியது, கிளைகளும் மரக்கட்டைகளும் பின்னாலேயே மிதந்து போயின. "அப்பா, ஆறு வீட்டுக்குத் திரும்பிப் போகுதா?" என்று கேட்டாய். இன்றைக்கும் மார்ச், செப்டம்பர் பெரிய ஓதத்துக்கு நான் அங்கே போய் நிற்கிறேன்.

சரி, இப்போது வீட்டு விஷயம். சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள அபாய வரைபடத்தில் அந்த வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார், காசு கிடையாது. விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில் வெள்ளம் வந்ததா என்று ஒரு கேள்வி உண்டு, அதற்கு என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று வக்கீலிடம் கேள். கையெழுத்துக்கு முன்னாலேயே காப்பீட்டுக்கு விலை கேட்டுவிடு. 2009-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வெள்ளக் காப்பீட்டுக்குக் கைகொடுக்கிற ஃப்ளட் ரீ திட்டம் இருப்பதால் தவணை கட்டுப்படியாகலாம். ஆனால் அந்தத் திட்டம் 2039 வரைதான். நீங்கள் வாங்கப்போவது முப்பது வருஷக் கடன்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரரைப் பார்க்க இப்போதே நாள் குறிக்காதே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாட்டர்கேட்டுக்கு வா. நான் அளவுநாடா கொண்டுவருகிறேன். அம்மா இட்லி கட்டித் தருவாள், ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் அக்கரைக்குப் போய் அந்த வீட்டு வாசல்படி எவ்வளவு உயரம் என்று பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா